எழுதி முடியாத லேப்டாப்

பல்லவர் சாளுக்கியரை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு சொல்லும் மணிமங்கலத்தில், இன்று ஷிப்ட் மாறும் நேரந்தோறும் கம்பெனி பஸ்கள்தாம் வரிசைகட்டிப் போகின்றன. ஊருக்கு வடமேற்கே ஸ்ரீபெரும்புதூரில் டெல் ஆலை 2007-லிருந்து இயங்குகிறது. எச்பி நிறுவனத்துக்காக ஃப்ளெக்ஸ் ஆலை கணினிகளைத் தயாரிப்பதும் அங்கேதான். கிழக்கே தாம்பரம் மெப்ஸ் வளாகத்தில் சிர்மா எஸ்ஜிஎஸ் நிறுவனத்தின் லேப்டாப் பிரிவை 2025 ஜனவரியில் மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் தொடங்கிவைத்தார். இரு பக்கமும் லேப்டாப் பிறக்கும் வட்டாரம் இது. ஆனாலும், பயாஸ் அப்டேட் ஓடி முடிந்தபின் திரை கறுத்துப்போன லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகும் மாணவர் வேறெந்த ஊரிலும் கேட்கக்கூடிய அதே பதிலைத்தான் இங்கும் கேட்க நேரிடும்: “மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும்.” இந்தத் தீர்ப்பு பல நேரங்களில் அவசரத் தீர்ப்பு என்பதே என் வாதம். அதற்கான முதல் சான்று அந்த ஆலைகளுக்குள்ளேயே இருக்கிறது.

மதர்போர்டில் எட்டுக் கால்கள் கொண்ட சிறிய நினைவகச் சிப் ஒன்று உண்டு. இப்போதைய லேப்டாப்புகளில் அதன் கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைட். பயாஸ் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் ஃபர்ம்வேர் அங்கேதான் இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் பிராசஸருக்கு விண்டோஸ் இருப்பதும் தெரியாது, திரை இருப்பதும் தெரியாது. தன் முதல் கட்டளையை 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள முகவரியில் தேடும்படி மட்டும் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்த முகவரி கொண்டுபோய் விடும் இடம்தான் இந்தச் சிப். ரேம் நினைவகத்தை எழுப்புவது, திரையை எழுப்புவது, விண்டோஸைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு இந்த ஃபர்ம்வேர் செய்யும் வேலைகள். ஆலையில் சிலர் இந்தச் சிப்பைப் பலகையில் பற்றவைக்கும் முன்பே எழுதிவிடுவார்கள். சிலர் பற்றவைத்த பின் எழுதுவார்கள். எழுதும்வரை அது வெற்றுச் சிப். வெற்றுச் சிப்போடு பலகைக்கு மின்சாரம் கொடுத்தால் திரையில் ஒரு புள்ளிகூட வராது. அதற்காக யாரும் அந்தப் பலகையைக் குப்பையில் போடுவதில்லை. எழுதுகிறார்கள், எழுதியதும் அது உயிர்பெறுகிறது. அப்டேட் பாதியில் நின்றுபோன லேப்டாப் தன் பிறப்பின்போது இருந்த அந்தக் கட்டத்துக்கே திரும்பியிருக்கிறது. வன்பொருளில் எதுவும் எரியவில்லை, உடையவில்லை.

அப்டேட் ஏன் பாதியில் நிற்கிறது? இந்த வகை நினைவகத்தில் பழைய எழுத்தின்மேல் புதியதை அப்படியே எழுத முடியாது. சிலேட்டைப் போல, முதலில் துடைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். துடைப்பது குறைந்தது 4 கிலோபைட் துண்டுகளாக நடக்கிறது. எழுதுவது ஒரு தடவைக்கு 256 பைட் வரை. துடைத்து எழுதாத இடமும், புதிதாக எழுதிய இடமும், இன்னும் தொடாத பழைய இடமுமாக மூன்றும் கலந்து கிடக்கும் சில நிமிடங்கள் எல்லா அப்டேட்டிலும் உண்டு. அந்த நிமிடங்களில் மின்சாரம் நின்றால் சிப்பில் இருப்பது பழைய ஃபர்ம்வேரும் அல்ல, புதியதும் அல்ல. சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியில் போதிய சார்ஜ் இருக்க வேண்டும் என்று அப்டேட் நிபந்தனை போடுவது இதனால்தான். பேட்டரி நலிந்துபோன பழைய லேப்டாப்பில், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போகும் நாளின் காலையில் இந்த வேலையைத் தொடங்குவது ஆபத்து. ஆனால் நான் அதைவிட ஆபத்தாகக் கருதுவது மனிதக் கையை. திரை சில நிமிடம் இருண்டதும் பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறோம். எழுதிக்கொண்டிருந்த ஃபர்ம்வேரை நிறுத்தியது பெரும்பாலும் மின்வாரியமாக இருக்காது, அந்த விரலாகவே இருக்கும்.

திரை இருண்டிருப்பது வேலை நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. அப்டேட்டின்போது லேப்டாப் தானாகவே இரண்டு மூன்று முறை அணைந்து எழும். விசைப்பலகை, மின்விசிறி, சார்ஜிங் ஆகியவற்றைக் கவனிக்கும் தனிக் கட்டுப்பாட்டுச் சிப்புக்கும் புதிய ஃபர்ம்வேர் எழுதப்படலாம். அப்போது விளக்குகள்கூட அணைந்து கிடக்கும். எல்லாம் முடிந்தபிறகும் ஒரு கட்டம் மிச்சமிருக்கிறது. புதிய ஃபர்ம்வேர் முதல்முறை எழும்போது ரேம் நினைவகத்தின் மின் சைகைகளை மறுபடி அளந்து பொருத்திக்கொள்ளும். டிடிஆர்5 ரேம் உள்ள கணினிகளில் இதற்கே சில நிமிடங்கள் பிடிக்கலாம், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். ஆகவே சார்ஜரைச் செருகி, அரைமணி முதல் ஒரு மணி நேரம்வரை தொடாமல் விடுவதுதான் முதல் சிகிச்சை. செத்துப்போன கணினிக்கு முன்னால் ஒரு மணி நேரம் காத்திருப்பதில் என்ன பயன் என்று கேட்கலாம். அது உண்மையிலேயே செத்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் நமக்குக் கூடுதல் நஷ்டம் ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டிருந்ததாக இருந்தாலோ, அவசரம் அதைக் கொன்றுவிடும். இழப்பு ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது.

காத்திருந்தும் திரை எழவில்லை என்றால், இனி கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: கணினி எழவில்லையா, அல்லது எழுந்த கணினியைத் திரை காட்டவில்லையா? கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் ஒரு டிவியை இணைத்துப் பாருங்கள். இருட்டறையில் திரைமேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் போயிருப்பது பின்னொளி மட்டும்தான். விண்டோஸ் உள்ளே ஓடிக்கொண்டிருந்து கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் தடுமாறியிருந்தால், விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்துவது அதைத் திரும்ப எழுப்பலாம். கணினி எழவேயில்லை என்று தெரிந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பலகையில் தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டுத் திரும்ப முயலலாம். அப்போதும் பேசாத கணினி விளக்கின் வழியாகப் பேசும். பல டெல் லேப்டாப்புகளில் காவி நிறத்தில் இரண்டு, வெள்ளையில் இரண்டு என்று மின்னினால் பயாஸ் சிதைந்திருக்கிறது. இரண்டும் மூன்றுமானால் ரேம் தென்படவில்லை. இரண்டும் ஏழுமானால் திரைதான் பழுது. எச்பி லேப்டாப்புகளிலும் இப்படி ஒரு மின்னல் கணக்கு உண்டு. கணினி தன் வாயாலேயே சொல்லும் இந்தச் சாட்சியத்தை எண்ணிப் பார்க்காமல் மதர்போர்டுக்கு விலை சொல்வதைப் பரிசோதனை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பயாஸ்தான் சிதைந்தது என்று உறுதியானாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கத் தேவையில்லை. எழுத்து பாதியில் நிற்கும் என்பது தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். அதனால் சிப்பின் ஒரு சிறு பகுதியை அப்டேட் தொடாதபடி ஒதுக்கிவைக்கிறார்கள்; மற்றதெல்லாம் சிதைந்தாலும் அந்தப் பகுதி ஓடி, வேறெங்காவது நல்ல பிரதி இருக்கிறதா என்று தேடும். டெல் லேப்டாப்புகள் பலவற்றில் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளைப் பிடித்தபடி சார்ஜரைச் செருகினால் இந்தத் தேடல் தொடங்கும். எச்பியில் விண்டோஸ் விசையையும் பி (B) விசையையும் பிடித்தபடி பவர் பட்டனை இரண்டு மூன்று விநாடி அழுத்த வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் பிரதி இல்லையென்றால், வேறொரு கணினியில் நிறுவனத்தின் தளத்திலிருந்து அதே மாடலுக்குரிய கோப்பை இறக்கி, பென் டிரைவில் வைத்துச் செருகலாம். எச்பியின் வணிக வரிசை லேப்டாப்புகள் சிலவற்றில் ஃபர்ம்வேரின் தனிப் பிரதியைக் காவலில் வைத்து, சிதைவு தெரிந்ததும் தானாகவே திரும்ப எழுதிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு.

இதுவும் பலிக்காதபோதுதான் நேரடியாகச் சிப்பில் எழுதும் வேலை. சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் பலகையில் வேலை செய்யும் டெக்னீஷியன்களுக்கு இது அன்றாடம். சிப்பின் எட்டுக் கால்களையும் ஒரு கிளிப்பால் கவ்வி, புரோகிராமர் என்ற சிறு கருவி வழியாகப் படித்து, எழுதுகிறார்கள். மதர்போர்டை மாற்றுவதுதான் நம்பகமானது, இந்தத் தெருவோர வேலை எப்போது வேண்டுமானாலும் கைவிடும் என்று சர்வீஸ் சென்டர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. அந்தச் சிப்பில் ஃபர்ம்வேர் மட்டும் இல்லை; லேப்டாப்பின் சீரியல் எண், விண்டோஸ் உரிமத்தின் எண், சில மாடல்களில் நெட்வொர்க் முகவரி ஆகியவையும் இருக்கின்றன. வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்த கோப்பை அப்படியே ஏற்றினால் கணினி இன்னொன்றின் அடையாளத்தோடு எழும். 1.8 வோல்ட் சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் சிப்பே எரிந்துபோகும். புதிய பிராசஸர்கள் பலவற்றில் நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேர் ஓடவும் ஓடாது. ஆனால் இவையெல்லாம் கவனமாகச் செய்ய வேண்டும் என்பதற்கான காரணங்களே தவிர, செய்யக்கூடாது என்பதற்கானவை அல்ல. முதலில் சிப்பில் இருப்பதைப் படித்துப் பத்திரப்படுத்திவிட்டு, அதிலுள்ள அடையாளப் பகுதியைப் புதிய கோப்பில் சேர்த்து எழுதும் டெக்னீஷியன் ஆலையில் நடக்கும் அதே வேலையைத்தான் செய்கிறார். எழுதிய பிறகும் எழவில்லை என்றால் பழுது வேறிடத்தில் இருக்கிறது; அப்போது மதர்போர்டை மாற்றச் சொல்வது சரி. வாரண்டி காலத்தில் இருக்கும் லேப்டாப்பை மட்டும் வெளியே திறக்கக் கொடுக்காமல், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோவது நல்லது.

இவ்வளவு வம்பு எதற்கு, நன்றாக ஓடும் கணினிக்குப் பயாஸ் அப்டேட்டே வேண்டாம் என்பார்கள் சிலர். இந்த எச்சரிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2024 மே இறுதியில் வெளிவந்த ஒரு பயாஸ் அப்டேட் விண்டோஸ் வழியாகத் தானாகவே இறங்கி, எச்பி புரோபுக் மாடல்கள் சிலவற்றை முடக்கிவிட்டதாகப் பல நாட்டுப் பயனர்கள் புகார் சொன்னார்கள். அவர்கள் எல்லாரும் அவசரப்பட்டுப் பட்டனை அழுத்தியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அப்டேட் செய்யாமலே இருப்பது பாதுகாப்பல்ல. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் உலகெங்கும் கணினிகளின் பயாஸையே சிதைத்து அவற்றை ஊமையாக்கியது. 2018-ல் இசெட் நிறுவனம் கண்டுபிடித்த லோஜாக்ஸ், ஃபர்ம்வேர் சிப்புக்குள்ளேயே குடியேறியது. விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினாலும் போகாது. 2023 டிசம்பரில் பைனார்லி நிறுவனம் வெளிப்படுத்திய லோகோஃபெயில் ஓட்டைகள், கணினி எழும்போது காட்டும் நிறுவனச் சின்னத்தின் படத்தைப் படிக்கும் நிரலில் இருந்தன. ஃபர்ம்வேரை மாற்றி எழுதாமல் அவற்றை அடைக்க வழியில்லை. போதாததற்கு, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டுக்காக மைக்ரோசாஃப்ட் 2011-ல் வழங்கிய சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. புதிய சான்றிதழ்களை ஏற்கச் சில கணினிகளுக்கு முதலில் ஃபர்ம்வேர் அப்டேட் வேண்டியிருக்கும். ஒதுங்கி நிற்கும் வசதி நமக்கு இல்லை.

இதில் தயாரிப்பாளரின் கடமையும் இருக்கிறது. தமிழக அரசு 2011-ல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அறிவித்தது. வீட்டில் இரண்டாவது கணினி இல்லாத மாணவரிடம், வேறொரு கணினியில் கோப்பை இறக்கிக்கொள் என்று சொல்வது எத்தனை பேருக்குப் பயன்படும்? மத்திய நுகர்வோர் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளத்தைத் தொடங்கி, நிறுவனங்கள் தங்கள் கையேடுகளை வெளியிட வேண்டும் என்று கேட்டது. அந்தக் கையேட்டில் இருக்கவேண்டிய முதல் பக்கம் மின்னல் கணக்கும் மீட்பு விசைகளும்தான். அரசு மொத்தமாக வாங்கும்போது, அந்தப் பக்கத்தைத் தமிழில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்கவும், மாடலுக்குரிய மீட்புக் கோப்பு ஒவ்வொரு கல்லூரிக் கணினி ஆய்வகத்திலும் இருக்கவும் டெண்டரிலேயே நிபந்தனை போடலாம். இதற்கு ஒரு பென் டிரைவுக்கு மேல் செலவில்லை.

கல்லூரிகளும் மாணவர்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்டேட்டுக்கு முன்பே மீட்புப் பென் டிரைவைத் தயாரித்துவைக்கலாம். பிட்லாக்கர் பூட்டு இருக்கும் லேப்டாப்பானால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் எழுதிவைக்க வேண்டும், அப்டேட் முடியும்வரை பூட்டை நிறுத்திவைக்கவும் வேண்டும். நிறுத்திவைக்காவிட்டால், ஃபர்ம்வேர் மாறியதும் கணினியின் பாதுகாப்புச் சிப் தன் பழைய அளவீட்டோடு புதியது பொருந்தவில்லை என்று கண்டு அந்த எண்ணைக் கேட்கும். கறுப்புத் திரையிலிருந்து கணினியை மீட்டவரும் அந்த எண் கையில் இல்லாமல் தன் கோப்புகளைத் திறக்க முடியாது.