உஷார்! அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பெசிமன் பாட்டில்

எண்ணெய் காய்ந்துவிட்டது. அவசரத்தில் கடுகைத் தேடிய என் கை, ஜன்னலோரம் இருந்த சின்ன பாட்டிலை எடுத்தது. கறுப்பாக, பொடியாக, அச்சு அசல் கடுகு. மூடியைத் திருகும்போது, பிளஸ் ஒன்னில் அக்ரி குரூப் படிக்கும் மகள் அலறினாள்: “அம்மா, போட்டுடாதே! அது பிரம்மதண்டு விதை. பிராக்டிகலுக்குச் சேர்த்தது!”

பாட்டிலில் பெயர் எழுதியிருக்கவில்லை.

பிரம்மதண்டு சாதாரணக் களை இல்லை. 1998-ல் டெல்லியில் கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்துபோய், கால் வீங்கி, மூச்சுத் திணறி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். கடுகு உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். பிரம்மதண்டு விதை சொரசொரப்பு. மேலெல்லாம் வலை பின்னினாற்போல் குழிகள். செடியைக் கிள்ளினால் மஞ்சள் பால் வடியும்.

விதைப் பெட்டியில் இன்னும் சில ஆசாமிகள் உண்டு.

ஆமணக்கு விதை பளபளவென்று கோலம் போட்டதுபோல் இருக்கும். காட்டாமணக்கு மங்கிய கறுப்பு. இரண்டுமே நஞ்சு. காட்டாமணக்குப் பருப்பு ருசிக்கும் என்பதுதான் வினை. வேலியோரம் பறித்துத் தின்ற பிள்ளைகள் கூட்டமாக வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போவது அதனால்தான். குன்றிமணியைச் சார்ட்டில் தைக்க ஊசியால் துளைக்காதீர்கள். கெட்டியான தோல் உடைந்தால் உள்ளிருக்கும் விஷம் வெளியே வரும்.

நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கைப் பார்த்தால் ஏதோ வள்ளிக்கிழங்கு என்றே தோன்றும். அதிலுள்ள கொல்ச்சிசின் வேகவைத்தாலும் போகாது.

ரோஸ், நீலம் என்று சாயம் ஏறிய நெல்லோ சோளமோ இருந்தால், அது மருந்து போட்டு விதை நேர்த்தி செய்தது. கழுவிச் சமைக்கலாம், கோழிக்குப் போடலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

துவரைப் பூவில் உட்கார்ந்திருக்கும், கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட வண்டை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். அது கொப்புள வண்டு. நசுங்கினால் அதன் நீர் பட்ட இடமெல்லாம் கொப்பளிக்கும். இடுக்கியோ வலையோ போதும்.

எந்த ஸ்பெசிமனையும் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்லுங்கள். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், மசாலா டப்பா வேண்டாம். சேகரித்த அன்றைக்கே பெயரும் ‘நஞ்சு’ என்ற சொல்லும் எழுதி ஒட்டி, சமையல்கட்டுக்கு வெளியே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களாக வாந்தியெடுக்க வைக்கவும் வேண்டாம். உடனே 108. போகும்போது மிச்ச விதையைப் பாட்டிலோடு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது, “என்ன விதை?” என்றுதான். அதற்குப் பதில் அந்த லேபிளில் இருக்க வேண்டும்.