உருவப்படத்தையும் வாசிக்கலாம்

பாடநூலில் ஓர் ஆளுமையின் படம் வந்தால், மாணவர்கள் கீழேயுள்ள பெயரைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. உருவப்படமும் வாசிக்கத்தக்க ஒரு பனுவல்தான். இதை உணர்த்த என் வகுப்பில் நான் பயன்படுத்தும் படம், நார்வே ஓவியர் எட்வர்ட் மங்க் 1898இல் வரைந்த நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் ஓவியம்.

27 ஆண்டுகள் அயல்நாடுகளில் வாழ்ந்த இப்சன், 1891இல் தாயகம் திரும்பினார். தலைநகர் கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஓஸ்லோ) 'கிராண்ட் கஃபே' என்னும் உணவகத்துக்கு வழக்கமாகச் செல்வார். அங்கு அமர்ந்திருக்கும் இப்சனையே மங்க் வரைந்தார். 1902இல் இதே காட்சியைக் கல்லச்சுப் படமாகவும் உருவாக்கினார்.

படத்தில் நம் கண்ணில் முதலில் படுவது முகம். நரைத்த முடி, அடர்ந்த கிருதா, மூக்குக்கண்ணாடி. கறுப்புக் கோட்டு இருளோடு கலந்துவிடுகிறது. பின்னால் சன்னல், அதற்கப்பால் தெரு. இப்சன் தம் பதக்கங்களை விரும்பி அணிபவர். மங்க் அவற்றைக் காட்டவில்லை. பட்டமும் பதவியும் உதிர்ந்தபின் எஞ்சும் சிந்திக்கும் தலையை மட்டுமே காட்டினார்.

சன்னலும் வெறும் அலங்காரமன்று. இப்சனின் நாடகங்கள் பெரும்பாலும் வீட்டின் கூடத்தில் நிகழ்பவை. 1879இல் வெளிவந்த 'பொம்மை வீடு' நாடகம், நோரா வெளியேறியபின் கதவு சாத்தப்படும் ஓசையோடு முடிகிறது. உள்ளே அடைபட்ட மனிதர்களை எழுதியவரை, வெளியுலகுக்கு முதுகு காட்டி அமர்ந்தவராக மங்க் கண்டார் என்றே நான் வாசிக்கிறேன். 1906இல் பெர்லினில் இப்சனின் 'ஆவிகள்' நாடகம் மேடையேறியபோது அரங்க அமைப்புக்கான ஓவியங்களை வரைந்தவரும் மங்க்தான்.

வகுப்பில் முதலில் பெயரை மறைத்துப் படத்தை மட்டும் காட்டலாம். மூன்று வினாக்கள் போதும்: வெளிச்சம் எங்கே விழுகிறது? எது காட்டப்படவில்லை? பின்னால் என்ன இருக்கிறது? கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் 'கண்டது', மறுபுறம் 'ஊகித்தது' என எழுதச் செய்யலாம். "கோபக்காரர்" என்று ஒரு மாணவர் சொன்னால், "எதைப் பார்த்துச் சொல்கிறாய்?" என்று கேட்க வேண்டும். சான்று காட்டிப் பேசும் பழக்கம் அங்கே தொடங்குகிறது. பெயரையும் வரலாற்றையும் அதன்பின் சொல்லலாம். அப்போது அவை மனப்பாடச் செய்திகளாக இல்லாமல், மாணவர் தாமே எழுப்பிய கேள்விகளுக்கு விடைகளாக அமையும்.