கடல் குடைந்த குகையா?

கடற்குகை என்றவுடன் நம் மனத்தில் எழும் காட்சி யாது? ஓயாமல் வந்து மோதும் அலை, அம்மோதலால் தேய்ந்து குடைபட்ட பாறை, உள்ளே இருள். இருபத்தாறு ஆண்டுகளாகத் தோட்டப் பள்ளி மாணாக்கருக்கு நான் சொல்லி வந்ததும் இதுவே. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எழுதிய என் குறிப்பேட்டில் ‘கரையோரக் குகை, அலையின் வேலை’ என்று ஒரு வரி இன்னும் இருக்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் லங்காவியில் ஒரு பகற்பொழுது படகில் சுற்றி வந்தபின் அவ்வரியைத் திருத்த வேண்டியதாயிற்று. அது முழுப் பிழையன்று. வேறு கரைகள் பலவற்றுக்குப் பொருந்தும். ஆனால் நம் நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள அத்தீவுகளின் குகைகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அவை தம்மைச் சூழ்ந்துள்ள கடலினும் மூத்தவை. கடலினும் கடற்குகை மூத்ததாவது எங்ஙனம் என்று கேட்கலாம். அதனை விளக்கவே இக்கட்டுரை.

பதினாறு மாணாக்கர், மூன்று ஆசிரியர். கோலக்கெடாவில் கப்பலேறி முதல்நாளே தீவை அடைந்துவிட்டோம். மறுநாள் காலை கிலிம் துறையில் இரண்டு படகுகள் பேசி அமர்த்தினோம். எங்கள் படகை ஓட்டியவர் அறுபதைக் கடந்த மலாய்க்காரர். அவரை நான் ‘அபாங்’ என்றேன். அவர் என்னைச் ‘சிக்கு’ என்றார். இருபுறமும் பாக்காவ் மரங்கள், அவற்றின் பின்னே நெட்டாக எழுந்த வெண்சாம்பல் நிறக் குன்றுகள், நடுவே பச்சை நிற நீர். முதலில் நின்ற இடம் குவா கெலாவார், அதாவது வௌவால் குகை. மரப்பாதையில் நடந்து உள்ளே சென்றதும் நான் வழக்கமான பாடத்தைத் தொடங்கினேன். அலை எப்படிப் பாறையைக் குடையும் என்று கைகளை வீசிக் காட்டினேன். படகோட்டிக்கும் மலாயில் அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை. ‘சிக்கு, இங்கே அலை எங்கே இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கிலிம் ஆற்றின் கிளைநீர் குளத்து நீர் போல் அசையாமல் கிடந்தது. திறந்த கடல் தொலைவில். வேர்களை வலைபோல் பரப்பி நிற்கும் காடு இடையில். எந்த அலை இவ்வளவு உள்ளே வந்து, இவ்வளவு பெரிய கூடத்தைக் குடைந்திருக்கும்?

இன்னொன்றும் உடனே நினைவுக்கு வந்தது. பத்துமலையில் 272 படிகள் ஏறி முருகன் சந்நிதிக்குச் செல்லாத தமிழர் நம் நாட்டில் குறைவு. அந்தப் பெருங்குகையைக் குடைந்தது எந்த அலை? அருகில் கடலே இல்லையே! இந்தக் கேள்வி எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தோன்றாமற் போனது வெட்கந்தான். பத்துமலையும் கிலிம் குன்றுகளும் ஒரே வகைப் பாறை. இரண்டையும் குடைந்த கருவியும் ஒன்றே. அக்கருவி மழை.

கிலிம் குன்றுகளின் பாறையை நிலநூலார் செத்துல் சுண்ணாம்புப் பாறை என்பர். அதன் பெரும்பகுதி 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பழங்கடலொன்றின் அடியில் படிந்தது. கடலுயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் அடுக்கடுக்காகத் தங்கி இறுகிக் கல்லாயின. தீவின் மேற்கேயுள்ள மச்சிஞ்சாங் மலையின் மணற்கல் இதனினும் பழையது. ஏறத்தாழ 50 கோடி ஆண்டு என்பர். நம் நாட்டின் மிகப் பழைய பாறைகளுள் அது வைத்து எண்ணப்படுகிறது. இத்தகைய சிறப்பு நோக்கியே 2007-ஆம் ஆண்டில் லங்காவி யுனெஸ்கோவின் ஆதரவு பெற்ற உலக நிலவியல் பூங்காக்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் அப்பெயர் பெற்ற முதல் இடம் அதுவே.

நிற்க. மழை எப்படிக் கல்லைக் குடையும்? வானிலிருந்து வீழும் துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு தன்னுள் கரைத்துக்கொள்கிறது. மண்ணில் இறங்கும்போது வேர்களும் அழுகும் இலைகளும் வெளிவிடும் அதே வாயுவை இன்னும் மிகுதியாகப் பெறுகிறது. அதனால் நீரில் மெல்லிய புளிப்பு ஏறுகிறது. சோடா நீரைக் குடிக்கையில் நாவில் உறுத்துவது இவ்வகைப் புளிப்பே. இப்புளிப்பு நீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணத்தைக் கரைத்து எடுத்துச் செல்கிறது. மயிரிழை போன்ற வெடிப்பு விரல் நுழையும் பிளவாகிறது, பிளவு வழியாகிறது, வழி கூடமாகிறது. ஆயிரம் ஆண்டுகள் இதற்குப் போதா; பல்லாயிரமும் இலட்சமும் வேண்டும்.

இதனை வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர்க்கு ஒரு சொல். சந்தையில் வாங்கும் கெராங் ஓட்டைக் கழுவி ஒரு கண்ணாடிக் குவளையிலிட்டு வினிகரை ஊற்றுக. சிறு குமிழிகள் எழுவதை மாணாக்கர் காண்பர். சில நாட்களில் ஓடு மெலிந்திருக்கும். கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியை இதற்குப் பயன்படுத்தி ஏமாற வேண்டா. இக்காலக் கட்டிகளிற் பல வேறொரு பொருளாகிய ஜிப்சத்தால் ஆனவை, அவை பொங்கா. நானும் ஒருமுறை முப்பது பிள்ளைகளின் முன்னே குவளையைப் பார்த்தபடி நின்றதுண்டு.

குகையின் மேற்புறத்திலிருந்து தொங்கும் கற்கூம்புகளும் இதற்குச் சான்று. கரைந்த சுண்ணத்தோடு கசிந்து வரும் நீர், குகையின் காற்றைத் தொட்டதும் தன்னிடமுள்ள வாயுவை விட்டுவிடுகிறது. புளிப்புக் குறையவே சுண்ணம் படிகிறது. துளித்துளியாகக் கூம்பு வளர்கிறது. குகையினுள் காற்று இருந்தாலன்றி இது நிகழாது. நீர் நிரம்பிய குகையில் கூம்பு தொங்காது. குவா கெலாவாரில் அத்தகைய கூம்புகள் பல. ஆகவே நெடுங்காலம் அது காற்று நிறைந்த மலைக்குகையாகவே இருந்தது என்பது தெளிவு.

அப்படியானால் கடல் எப்போது வந்தது? ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் வடபகுதிகளில் பெரும் பனிப்பாளங்கள் நிலத்தை மூடியிருந்தன. கடல்நீரின் ஒரு பெரும் பங்கு பனியாக நிலத்தின்மேல் கிடந்தமையால் கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சுமத்திரா, ஜாவா, போர்னியோ யாவும் நம் தீபகற்பத்தோடு ஒட்டிய ஒரே நிலம். பினாங்குக்குப் பாலமும் வேண்டா, படகும் வேண்டா, நடந்தே போகலாம். லங்காவித் தீவுகளை 99 என்போரும், நீர் வற்றும்போது தலைகாட்டுவனவற்றையும் சேர்த்து 104 என்போரும் உண்டு. அன்று அவற்றுள் ஒன்றும் தீவன்று. சமவெளியின் நடுவே நின்ற குன்றுகள் அவை. இன்றைய ஈப்போவைச் சூழ்ந்த குன்றுகளை நினைத்துக்கொண்டால் போதும். பின்னர்ப் பனி உருகிற்று. கடல் ஏறி வந்து சமவெளியை மூடிக் குன்றுகளைத் தீவுகளாக்கிற்று. திறந்து கிடந்த குகைகளிலும் புகுந்தது. குடைந்தது மழை; குடிபுகுந்தது கடல்.

புகுந்த கடல் இன்றைய மட்டத்தோடு நிற்கவுமில்லை. குவா கெலாவாரின் சுவரில் படகோட்டி தம் கைவிளக்கை அடித்துக் காட்டினார். இன்றைய ஏற்றநீர் தொடாத உயரத்தில், பாறையோடு பாறையாக ஒட்டிய பழைய சிப்பி ஓடுகள் வரிசையாக இருந்தன. பாறைச் சிப்பி நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒட்டி வாழ்வது. ஓர் ஓட்டைப் பாறையோடு பூசிக்கொண்டால் பின் இடம் பெயராது. ஆதலின் ஓடு இருக்குமிடம் அக்காலத்துக் கடல் இருந்த இடம். நம் தீபகற்பத்தின் கரைகளில் இத்தகைய ஓடுகளையும் பிற சான்றுகளையும் ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 5,000 அல்லது 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது என்று கண்டுள்ளனர். ஓட்டிலுள்ள கரிப்பொருளின் ஒரு வகை காலப்போக்கில் குறைந்து வருவதை அளந்து அதன் வயதை அறிவர்.

‘அந்தத் தண்ணி பிறகு எங்கே போச்சு, சார்?’ என்றாள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி. அங்கே எனக்கு விடை தெரியவில்லை. ‘ஊருக்குப் போய்ச் சொல்கிறேன்’ என்றேன். படித்துச் சொன்னது இது: பனிப்பாளத்தின் பாரம் வடநிலங்களை அழுத்தியபோது, அவற்றைச் சுற்றியிருந்த கடலடி சற்றுப் புடைத்திருந்தது. மெத்தையின் நடுவே ஒருவர் அமர்ந்தால் ஓரம் எழும்பவில்லையா? பாரம் நீங்கியபின் அப்புடைப்பு மெல்லத் தாழ்ந்தது. தொலைவிலுள்ள நம் கடல்களின் நீர் அங்கே சென்று நிரம்பிற்று. ஏறிவந்த நீரின் பாரத்தால் நம் பக்கத்துக் கடலடி தாழ, கரை சிறிது நிமிர்ந்ததும் ஒரு காரணம். இரண்டும் சேர, இங்கே கடல் பின்வாங்கிற்று.

கடல் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிடலாகாது. வற்றிய நேரத்தில் தீவுகளின் அடியைப் பாருங்கள். இடுப்பு மெலிந்த உடுக்கை போல் நீர்மட்டத்தில் உட்குழிந்திருக்கும். அலையும் நீரும் அதற்குக் காரணமே. ஆனால் சிறு உயிர்களின் பங்கும் பெரிது. பாறையில் படியும் பாசியை மேய வரும் நத்தை முதலிய மெல்லுடலிகள் பாசியோடு பாறையையும் சுரண்டுகின்றன. கைட்டன் என்னும் ஒன்றின் பல்லில் காந்தக்கல்லாகிய மாக்னடைட் இருக்கிறது. கல்லைச் சுரண்டப் பல்லிலே இரும்பு! குவா புவாயா எனும் முதலைக் குகையில் கூரை தாழ்வு. நீர் வற்றியிருந்தாலன்றிப் படகு நுழையாது. நாளுக்கு இருமுறை நீர் ஏறி வற்றும் கடல் ஆதலால், நேரத்தை முன்னரே கேட்டறிந்து புறப்படுவது நன்று.

ஆற்றின் வாயைக் கடந்து தஞ்சோங் ரூவின் பக்கம் சென்றால் கடலை நோக்கி வாய் திறந்த குவா செரித்தா, கதைக் குகை. கடாரமாகிய கெடாவின் பழங்கதைகளைக் கூறும் ‘ஹிகாயத் மேரோங் மஹாவங்சா’வில், ரோமாபுரி இளவரசனுக்கும் சீனத்து இளவரசிக்கும் நடக்கவிருந்த மணத்தைத் தடுக்கக் கருடன் இளவரசியைக் கவர்ந்து வந்து லங்காபுரித் தீவில் மறைத்து வைத்ததாக வருகிறது. அக்கதையை இக்குகையோடு சேர்த்துச் சொல்வர். நாம் கருடன் எனக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து கிலிமில் கூட்டங்கூட்டமாக வட்டமிடுகிறது. அதற்குக் கோழித்தோலை வீசி அருகில் வரவழைக்கும் பழக்கம் படகுக்காரரிடையே பரவியுள்ளது. மீனும் நண்டும் தேடி உண்ண வேண்டிய பறவைக்கு அது ஏற்ற உணவன்று. எங்கள் படகோட்டி அதைச் செய்வதில்லை. பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றந்தான்.

தெற்கேயுள்ள டாயாங் புந்திங் தீவுக்கு இம்முறை செல்லவில்லை, முன்னொருகால் சென்றுள்ளேன். அங்கே மலைகளுக்கு நடுவே ஒரு நன்னீர் ஏரி. மெல்லிய பாறைச் சுவருக்கு அப்பால் கடல். பெருங்குகையொன்றின் கூரை இடிந்து வீழ்ந்த பள்ளத்தில் மழைநீர் தங்கி ஏரியாயிற்று என்பர். அருகில் புகுந்த கருங்கற்குழம்பின் சூட்டால் வெந்து சலவைக்கல்லான சுண்ணாம்புப் பாறை அங்குள்ளது. அந்நீரைப் பருகினால் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்னும் நம்பிக்கையும் உண்டு. தண்ணீரின் சுவை சாதாரணமாகவே இருந்தது.

இனி ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கிலிமில் விரைந்து ஓடும் படகுகள் எழுப்பும் அலை கரைச்சேற்றை அரித்துச் செல்கிறது; வேர் வெளித்தெரியச் சாய்ந்து நிற்கும் பாக்காவ் மரங்களைப் பல இடங்களில் கண்டோம். அலையில்லாத ஆற்றில் அலையை உண்டாக்கியவர்கள் நாம். எங்கள் படகோட்டி வளைவுதோறும் வேகத்தைத் தணித்தார். பின்வந்தவர்கள் எல்லாரும் தணிக்கவில்லை. அவர்களைக் குறைகூற எனக்கு என்ன தகுதி? புறப்படுமுன் பிள்ளைகளிடம் நானே சொல்லியிருந்தேன்: ‘ஆளுக்கு ஒரு பொருள் கொண்டு வாருங்கள், பள்ளியில் ஒரு காட்சி மேசை வைப்போம்.’ ஆற்றங்கரை இலை, உதிர்ந்த இறகு, கூழாங்கல் என்று நான் எண்ணினேன். ஐந்தாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் வௌவால் குகையின் சுவரிலிருந்து ஒரு சிப்பி ஓட்டைப் பெயர்த்துக் கொண்டு வந்துவிட்டான். துறைக்குத் திரும்பியபின் மகிழ்ச்சியோடு கையை விரித்துக் காட்டினான்.

அவனை நான் கடியவில்லை, சொன்னவன் நான். இருந்த உயரமே அந்த ஓட்டின் செய்தி. கையில் வந்தபின் அது வெறும் சிப்பி. திரும்ப ஒட்டவும் வழியில்லை. படகோட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவனிடமே கொடுத்தார். இப்போது அது பள்ளி அலமாரியில் ஒரு தீப்பெட்டியில் இருக்கிறது. அடுத்த ஆண்டுப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் பிள்ளைகளுக்கு முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். காட்சி மேசைக்குப் பொருள் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆளுக்கு ஒரு படம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறேன்.