உங்களுக்குத் தெரியுமா? ஒரு சர்வர், பல திரைகள்

விண்டோஸ் சர்வரை நிறுவி, தொலைவிலிருந்து இயக்கும் வசதியைத் திறந்துவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் உள்ளே வரலாம். அதுவும் நிர்வாகப் பணிக்கு மட்டுமே.

கணக்குப் பிரிவு முழுவதும் ஒரே சர்வரில் வேலை பார்க்க வேண்டுமானால், ‘ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்’ பகுதியைச் சேர்த்து, ஆளுக்கோ கருவிக்கோ தனி உரிமம் வாங்க வேண்டும். உரிமம் இல்லாமல் ஓட்ட 120 நாள் அவகாசம் உண்டு. கெடு தாண்டினால் ஊழியர்களின் இணைப்பு மறுக்கப்படும். அந்தத் தேதியை முதல் நாளே குறித்து வைப்பது நல்லது.

இந்த வசதியின் வேர் மைக்ரோசாஃப்டில் இல்லை. ஒரு விண்டோஸ் என்.டி.யைப் பலர் பகிரும் நுட்பத்தை உருவாக்கியது அமெரிக்காவின் சிட்ரிக்ஸ் நிறுவனம். அதன் ‘வின்ஃப்ரேம்’ 1995இல் வந்தது. 1997இல் மைக்ரோசாஃப்ட் அந்த நுட்பத்துக்கு உரிமம் பெற்றது. மறு ஆண்டே ‘டெர்மினல் சர்வர்’ பதிப்பை வெளியிட்டது.

ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு வழக்கமாக வந்துசேரும் 3389ஆம் போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைப்பது பேராபத்து, வி.பி.என். அல்லது கேட்வே வழியாகவே விட வேண்டும். இதே வசதியில் இருந்த, கடவுச்சொல்லே இல்லாமல் கணினியைக் கைப்பற்ற வழிவிட்ட ‘புளூகீப்’ ஓட்டை 2019இல் தெரியவந்தபோது, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சர்வர் 2003க்கும்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.