தாந்தி வீட்டு ஜாடிகள்

என் கணவருக்கு வேலை மாற்றலாகி, 2014ஆம் வருஷம் ருமேனியாவின் தலைநகரான புகாரெஸ்ட்டுக்குக் குடிபோனோம். நான்கு வருஷம் அங்கே குப்பை கொட்டினேன். "அந்த ஊர் எப்படி?" என்று இப்போதும் கேட்கிறார்கள். என் மனசில் முதலில் வந்து நிற்பது எதிர்வீட்டுப் பாட்டியின் ஜாடிகள்தான்.

போன புதிதில் எனக்கு அந்த ஊரே பிடிக்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள். 'என்ன ஜனங்களோ!' என்று அலுத்துக்கொள்வேன். ஒரு நாள் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, இரண்டு பக்கத்து ஜன்னல்களையும் காற்றுக்காகத் திறந்து வைத்திருந்தேன். வாசல் கதவும் திறந்திருந்தது. எதிர்வீட்டு அம்மாள் விறுவிறுவென்று உள்ளே வந்து, ஜன்னல்களைப் படார் படாரென்று சாத்தினார்! எதிரும் புதிருமாக வீசும் காற்றுக்கு அங்கே 'குரெந்த்' என்று பெயர். அது பட்டால் காதுவலி, பல்வலி, இடுப்புப் பிடிப்பு எல்லாம் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பனிக் காலத்தில் காதில் பஞ்சு அடைத்துவிடும் என் பாட்டியின் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

அன்று முதல் அவர் எனக்குத் 'தாந்தி'. வயதில் பெரிய பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் 'மாமி' மாதிரி.

தாந்தியின் பிறந்த நாளுக்கு ஆறு ரோஜாக்கள் வாங்கிக்கொண்டு போனேன். வாங்கியவர், ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் உருவித் தனியாக ஒரு டம்ளரில் போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் பூக்கொடுக்க வேண்டுமாம். இரட்டைப்படை செத்தவர்களுக்கு! எனக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

செப்டம்பர் பிறந்துவிட்டால் அவர் வீட்டில் ஒரே அமர்க்களம். சிவப்புக் குடைமிளகாயையும் கத்தரிக்காயையும் தணலில் சுட்டுத் தோலுரித்து, பொடியாக நறுக்கி, எண்ணெயில் வதக்கிய வெங்காயம், தக்காளியோடு சேர்த்து மணிக்கணக்காகக் கிளறுவார். இதுதான் 'ஜகூஸ்கா'. ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம். கத்தரிக்காயைச் சுட்டுத் துவையல் அரைக்கும் நமக்கு அந்த மணமே போதும்! கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடி ஜாடிகளில் நிரப்பி மூடி, கம்பளியால் போர்த்திவிடுவார். மெல்ல மெல்ல ஆறினால்தான் கெடாதாம். அப்புறம் முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய் எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறும். சாமான் அறையில் தரையிலிருந்து கூரை வரை ஜாடிகள்!

"கீழேயே பெரிய கடை இருக்கிறதே தாந்தி, ஒண்டிக்கட்டைக்கு இத்தனை எதற்கு?" என்று ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டுவிட்டேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உனக்குத் தெரியாது பெண்ணே. 1980களில் இந்தக் கடைகளில் அலமாரிதான் இருக்கும், சாமான் இருக்காது" என்றார்.

அது சௌஷெஸ்குவின் ஆட்சிக் காலம். வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக விளைந்ததையெல்லாம் ஏற்றுமதி செய்தார்கள். சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் ரேஷன். விடியற்காலை இருட்டில் வரிசையில் நிற்க வேண்டும். உறைபனிக் காலத்திலும் வீட்டைச் சூடாக்கும் வசதியைக் குறைத்துவிட்டார்கள். குழந்தைகளைக் கோட்டோடு தூங்கவைப்பார்களாம்.

அதையும்விடக் கொடுமை ஒன்று சொன்னார். ஜனத்தொகை பெருக வேண்டும் என்று 1966லேயே கருக்கலைப்பைத் தடை செய்துவிட்டார்கள். நிறையப் பெற்றவர்கள், வயது கடந்தவர்கள் என்று சிலருக்குத்தான் விலக்கு. கருத்தடைச் சாதனமும் கடையில் கிடைக்காது. தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களுக்கு, கர்ப்பமா என்று பார்க்க அங்கேயே பரிசோதனை! ரகசியமாக எதையாவது செய்துகொண்டு ஆயிரக்கணக்கான பெண்கள் செத்துப்போனார்கள். தாந்தியோடு வேலை செய்த சிநேகிதியும் அதில் ஒருத்தி. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனாள், திரும்பவில்லை. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. முதல் வேலையாக ரத்தான சட்டங்களில் அதுவும் ஒன்று.

நான் வாயடைத்து நின்றேன். இரண்டு குழந்தைகள் போதும் என்று நானும் என் கணவரும் பேசி, டாக்டரிடம் போய், நிம்மதியாக முடிவெடுத்தவர்கள். அது எத்தனை பெரிய பாக்கியம் என்று அன்றுதான் உறைத்தது.

மார்ச் 8, பெண்கள் தினம். அங்கே அம்மா, பாட்டி, டீச்சர் எல்லோருக்கும் பூக்கொடுப்பார்கள். அந்த வருஷம் தாந்தி இரண்டு கொத்து வாங்கிவந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். எண்ணிப் பார்த்தேன்: ஐந்து பூ. மற்றொன்றில் நான்கு. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கல்லறைக்குக் கிளம்பினேன்.

ஊர் திரும்பும்போது பெட்டியில் எடை கூடுகிறது என்று இரண்டு புடவைகளை எடுத்து வெளியே வைத்தேன். தாந்தி கொடுத்த ஜகூஸ்கா ஜாடியை வைக்கவில்லை. காலி ஜாடி இன்னும் என் சமையலறையில் இருக்கிறது. இப்போது அதில் புளி.