வெயில் வந்தால் தெரியும் பெயர்கள்

அருங்காட்சியகம் பார்க்கப் போன கதை – 6

பிரஸ்ஸல்ஸில் மான்ட்கோமரி நிலையத்திலிருந்து கிளம்பும் 44-ஆம் எண் டிராம் கடைசியாகப் போய் நிற்கிற ஊர் டெர்வூரென். அரை மணி நேரத்துக்கும் குறைவான பயணம். பெரிய பங்களாக்கள், பிறகு ஒரு குளம், அதன் பிறகு காடு. நிஜமான காடு. பீச் மரங்கள் தண்டவாளத்தை உரசிக்கொண்டு நிற்கின்றன. மாணவர்கள் எல்லாரும் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

“சார், ஊருக்கு வெளியில காட்டுக்குள்ள போய் யார் மியூசியம் கட்டுவாங்க?” என்று கேட்டான் நாகர்கோவில் பையன்.

காங்கோவைப் பற்றிய அந்த அருங்காட்சியகத்தைக் கட்டியவர் பெல்ஜிய மன்னர். நாங்கள் போய்க்கொண்டிருந்த அந்த அகலச் சாலையே அவருடைய விருப்பத்தில் போடப்பட்டதுதான். 1897-இல் பிரஸ்ஸல்ஸில் உலகக் கண்காட்சி நடந்தபோது அதன் காங்கோ பகுதியை டெர்வூரெனில் வைத்தார் இரண்டாம் லியோபோல்ட். ஜனங்கள் அங்கே போய்ச் சேர வேண்டுமே, அதற்காகத்தான் சாலை.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: ஓவியக் கல்லூரி மாணவர்கள் பதினொரு பேர், அவர்களை மேய்க்க நான். பன்னிரண்டு நாளில் லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ். முந்தின இரவு விடுதி அறையில் குக்கர் வைத்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். இருட்டில் பிசைந்த புளிச்சாதம் டப்பாக்களில் எங்களோடு டிராமில் வந்துகொண்டிருந்தது.

அருங்காட்சியகம் திறக்க நேரம் இருந்ததால் முதலில் ஊருக்குள் நடந்தோம். புனித யோவான் தேவாலயம் சின்னது, பழையது. நாங்கள் உள்ளே போகவில்லை, வெளிச் சுவரோரமாகப் போனோம். அங்கே தரையோடு தரையாக ஏழு கல்லறைப் பலகைகள். எகியா. கெம்பா. கிடுக்வா. ம்பெயா. ஸாவோ. சம்பா. மிபாங்கே. ஈரக் கல்லில் எழுத்தைப் படிக்கக் குனிய வேண்டியிருந்தது. மதுரைப் பெண் ஒருத்தி நோட்டை எடுத்து ஏழு பெயரையும் தமிழில் எழுதிக்கொண்டாள். ‘ம்பெயா’வை எப்படி எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேச்சு. மெய்யெழுத்தில் சொல் தொடங்கக் கூடாதே! கடைசியில் இலக்கணம் தோற்றது.

இவர்கள் யாரென்று பூங்காவில் குளக்கரைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்த பிறகு சொன்னேன். இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல மாட்டேன். பெஞ்ச் அங்கேதான் இருந்தது.

1897 கோடையில் காங்கோவிலிருந்து 267 பேரைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். இந்தப் பூங்காவில் குளத்தங்கரையில் குடிசை போட்டு ‘காங்கோ கிராமம்’ அமைத்தார்கள். பகலில் அவர்கள் துடுப்புப் போட வேண்டும், பறை கொட்ட வேண்டும், சமைக்க வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். பத்து லட்சத்துக்கு மேல் கூட்டம் வந்தது. இரவில் அவர்களைப் படுக்கவைத்தது அரச குதிரை லாயத்தில். பார்க்க வந்தவர்கள் மிட்டாயும் பழமும் வீசி, சிலருக்கு வயிறு கெட்டுப்போனது. உடனே ஒரு பலகை வைத்தார்கள்: இவர்களுக்கு உணவு கொடுப்பது ஏற்பாட்டுக் குழுவின் பொறுப்பு என்று. வண்டலூரில் மான் கூண்டுக்கு முன்னால் தொங்குமே, அதே பலகை. அந்தக் கோடை குளிரும் மழையுமாகப் போனது. காய்ச்சலிலும் சளியிலும் ஏழு பேர் இறந்தார்கள். முதலில் அவர்களைப் புதைத்தது மந்திரிக்கப்படாத மண்ணில். தேவாலயச் சுவரோரத்துக்கு வந்ததெல்லாம் பல ஆண்டுகளுக்குப் பிறகு.

யாரும் சாப்பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் பேச்சு நின்றுபோயிருந்தது.

காங்கோவைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இவர்கள் படித்தது அரைப் பக்கம்கூட இருக்காது. 1885-இலிருந்து 1908 வரை அது பெல்ஜியம் நாட்டின் காலனிகூட இல்லை. லியோபோல்ட் என்ற தனி ஆளின் சொத்து. பெல்ஜியத்தைப் போல ஏறத்தாழ 76 மடங்கு நிலம். அதில் ஒருநாள்கூட அவர் கால் வைத்ததில்லை. 1888-இல் டன்லப் நடைமுறைக்கு ஏற்ற காற்றடைத்த டயரை உருவாக்கினார். சைக்கிளுக்கும் பிறகு காருக்கும் ரப்பர் வேண்டியிருந்தது. காங்கோக் காட்டில் ரப்பர் கொடியாகப் படர்ந்து கிடந்தது. ஊருக்கு இவ்வளவு என்று அளவு வைத்தார்கள். கொண்டுவராவிட்டால் நீர்யானைத் தோல் சவுக்கு, பெண்களைப் பிணையாகப் பிடித்துவைத்தல், துப்பாக்கி. சுட்ட தோட்டாவுக்குச் சிப்பாய் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு, வெட்டிய வலது கை.

இது வெளியே தெரிந்த விதம்தான் எனக்கு எப்போதும் வியப்பு. எட்மண்ட் மோரெல் என்று ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தா. ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கிற வேலை. காங்கோவிலிருந்து வருகிற கப்பலில் ரப்பரும் தந்தமும் நிரம்பி வழிகின்றன. திரும்பிப் போகிற கப்பலிலோ பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும். வியாபாரம் என்றால் பதிலுக்குச் சரக்குப் போக வேண்டாமா? கூலி எங்கே? பேரேட்டைப் பார்த்தே ஓர் அடிமை தேசத்தைக் கண்டுபிடித்த மனிதர் அவர். கடைசியில் 1908-இல் லியோபோல்ட் காங்கோவை பெல்ஜியத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. கொடுப்பதற்கு முன் அலுவலகக் காகிதங்களை எட்டு நாள் எரித்தார்கள்.

காகிதம் எரிந்தது. கட்டடம் எழுந்தது. பாரிஸில் பெத்தி பலே மாளிகையைக் கட்டிய அதே ஷார்ல் ஜிரோதான் இந்த அருங்காட்சியகத்துக்கும் வரைபடம் போட்டவர். 1910-இல் திறந்தபோது லியோபோல்ட் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நூறாண்டு ஏறக்குறைய மாறாமல் கிடந்த கட்டடத்தை 2013-இல் மூடி, 2018 டிசம்பரில் புதுக் கோலத்தோடு திறந்தார்கள். இப்போது நுழைவது பழைய வாசல் வழியாக அல்ல. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம், அதிலிருந்து பூமிக்கடியில் நீண்ட வெள்ளைத் தாழ்வாரம். அதில் இருப்பது ஒரே ஒரு பொருள். ஒற்றை மரத்தில் குடைந்த ஓடம், இருபத்திரண்டரை மீட்டர். பையன்கள் காலடி வைத்து அளந்து பார்த்தார்கள்.

தாழ்வாரத்தைத் தாண்டினால் ஓர் அறையில் சிலைகளை நெருக்கியடித்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். பழைய காட்சிக்கூடங்களிலிருந்து இறக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று சிறுத்தைத் தோல் போர்த்தி, இரும்பு நகத்தோடு, தூங்குகிறவன்மேல் பாயப் போகிற ஆள். பார்த்ததும் இரண்டு பேர் “டின்டின்!” என்று கத்தினார்கள். சரிதான். டின்டின் படக்கதைகளை வரைந்த எர்ஜே தன் காங்கோ கதைக்கு இந்தச் சிலையைப் பார்த்துத்தான் வரைந்தார். குழந்தைகள் படிக்கும் படக்கதைக்குள் இந்த அறை எப்போதோ புகுந்துவிட்டது.

“நம்ம நீல் சிலை மாதிரி சார்” என்றாள் மதுரைப் பெண். எனக்கு மகிழ்ச்சி, எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனது வீண்போகவில்லை. 1857-இல் வட இந்தியாவில் ஊர் ஊராகத் தூக்கில் போட்ட ஜேம்ஸ் நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927-இல் அதை எடுக்கச் சொல்லிச் சுத்தியலோடு போன இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்ததும் சிலை எழும்பூருக்கு வந்தது. உடைக்கவில்லை, இடம் மாற்றினார்கள்.

இங்கே எல்லாவற்றையும் இடம் மாற்ற முடியவில்லை. பழைய வாசலின் வட்ட மண்டபம் மேலே. குவிமாடம், பளிங்கு, சுவர் முழுக்க மன்னர் பெயரின் முதலெழுத்து முதுகோடு முதுகு ஒட்டிய முத்திரை. சுவர் மாடங்களில் அர்சேன் மத்தோன் வடித்த தங்கமுலாம் சிலைகள். ஒன்றின் பெயர், ‘பெல்ஜியம் காங்கோவுக்கு நாகரிகம் கொண்டுவருகிறது’. வெள்ளைக்கார உருவம் உயரமாக, ஆப்பிரிக்க உருவம் அண்ணாந்து பார்த்தபடி குட்டையாக. கட்டடம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம், சிலைகள் சுவரின் பகுதி. கழற்றக் கூடாது. எனவே பதில் வைத்திருக்கிறார்கள். மண்டபத்தின் நடுவில் காங்கோ கலைஞர் எமே ம்பானே மரத்துண்டுகளால் இழைத்த பெரிய தலை. இடுக்குகளில் காற்றும் வெளிச்சமும் புகுந்து வெளியே வருகின்றன. எதிரே அவரே செய்த இன்னொன்று: ஒரு மண்டையோடு. அது தலைவன் லுசிங்காவுடையது. 1884 டிசம்பரில் எமில் ஸ்டோர்ம்ஸ் என்ற பெல்ஜிய அதிகாரி ஆளனுப்பி அவன் தலையை வெட்டிக் கொண்டுவரச் செய்தார். லுசிங்காவும் சாது இல்லை, அடிமை பிடித்து விற்றவன். ஆனால் அந்த மண்டையோடு பெல்ஜியத்துக்குக் கப்பலேறியது அதற்குத் தண்டனையாக அல்ல, சேகரிப்புப் பொருளாக. தங்கச் சிலைகளுக்கு முன்னால் ம்பானேயும் பெல்ஜியக் கலைஞர் ஜான் பியேர் முல்லரும் படம் அச்சிட்ட மெல்லிய திரைகளையும் தொங்கவிட்டார்கள். திரை வழியாகப் பின்னாலிருக்கும் சிலையும் தெரியும், முன்னாலிருக்கும் படமும் தெரியும்.

“திரை போட்டு மூடறதுக்கு எதுக்கு சார் இவ்ளோ செலவு? சட்டத்த மாத்திட்டுப் போலாமே” என்றான் ஒருவன். “எடுத்துட்டா இந்தக் கட்டடம் நல்ல பிள்ளை ஆயிடும்டா” என்றாள் இன்னொருத்தி. நான் அவள் கட்சி. தங்கத்தைச் சுரண்டிவிட்டால் எஞ்சுவது வெறும் அழகான மண்டபம்; கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம். ஆனால் அந்தப் பையனின் எரிச்சலும் பொய்யில்லை. எனக்கே ஒரு குறை உண்டு. இத்தனை பெரிய கட்டடத்தில் காலனி வரலாற்றுக்கென்று ஒதுக்கிய கூடம் என் கண்ணுக்குச் சின்னதாகப் பட்டது. பாடம் செய்த யானை நிற்கும் இடத்தில் பள்ளிக் குழந்தைகள் மொய்த்தார்கள். வரலாற்றுக் கூடத்தில் எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதி.

முகமூடிக் கூடத்தில்தான் அதிக நேரம் போனது. வரையும் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்ப முடியாது. ஆளுக்கொரு மூலையில் தரையில் உட்கார்ந்து பென்சிலை எடுத்துவிட்டார்கள். நாகர்கோவில் பையன் கையில் ஒரு தகவல் தாளை வைத்துக்கொண்டு வந்தான். 2022 ஜூன் மாதம் பெல்ஜிய மன்னர் பிலிப் கின்ஷாசாவுக்குப் போய், சுகு மக்களின் ‘ககூங்கு’ என்ற பெரிய முகமூடியை அங்கேயுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். எந்தக் கணக்கில்? காலவரையற்ற கடனாக.

“கடன்னா, இரவலா சார்?”

“இரவல்தான்.”

“அவங்க பொருள அவங்களுக்கே இரவலா?”

சட்டம் அப்போது அப்படித்தான் இருந்தது, அரசுச் சேகரிப்பிலிருந்து ஒரு பொருளை நிரந்தரமாக விடுவிக்க வழி வேண்டியிருந்தது, திருப்பிக் கொடுப்பதற்கான சட்டம் அதே ஆண்டு ஜூலையில் வந்தது என்றெல்லாம் விளக்கினேன். அந்த ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 84,000 பொருள்களின் பட்டியலைக் காங்கோ பிரதமரிடம் கொடுத்ததையும் சொன்னேன். அவன் தலையாட்டினான். ஆனால் நோட்டில் எழுதியது ‘இரவல்’ என்ற ஒரே சொல்லை. அடகுக்கடைப் பக்கம் வளர்ந்த பிள்ளை. யார் பொருள், யார் கையில், எந்தச் சீட்டில் என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடைசியாக நினைவுக் கூடம். நீளமான கூடம், ஒரு பக்கம் ஜன்னல்கள், எதிரே சுவர். சுவரில் 1,508 பெயர்கள். 1876-இலிருந்து 1908 வரை காங்கோவில் இறந்த பெல்ஜியர்கள். ஒரு காங்கோக்காரர் பெயர்கூட இல்லை. இறந்த காங்கோக்காரர்களின் எண்ணிக்கையோ இன்றும் சர்ச்சையில் இருக்கிறது, லட்சக்கணக்கிலா கோடியிலா என்று. இந்தச் சுவரும் கைவைக்கக் கூடாத சுவர்தான். கின்ஷாசா சிற்பி ஃப்ரெடி சிம்பா அதில் கை வைக்கவில்லை. எதிர் ஜன்னல் கண்ணாடிகளில் ஏழு பெயர்களை எழுதினார். வெயில் அடிக்கும்போது அந்த எழுத்தின் நிழல் 1,508 பெயர்களின்மேல் விழும். படைப்பின் பெயரே ‘நிழல்கள்’.

காலையில் கல்லில் படித்த அதே ஏழு பெயர். மதுரைப் பெண் நோட்டைத் திறந்து சரிபார்த்தாள். கண்ணாடியில் எழுத்து இருந்தது. சுவரில் ஒன்றும் இல்லை. வெளியே சாம்பல் நிற வானம்.

“பெல்ஜியத்துல போய் வெயில நம்பி ஒரு வேல பண்ணியிருக்காரே” என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். எனக்கு அப்போதுதான் உறைத்தது: 1897 கோடையிலும் இங்கே வெயில் வரவில்லை. சிம்பா தெரிந்தேதான் செய்திருக்க வேண்டும்.

காத்திருந்தோம். பாதிப் பேர் யானை பார்க்கப் போய்விட்டார்கள். நான்கு மணிவாக்கில் மேகம் கொஞ்சம் விலகியது. முதலில் தரை வெளுத்தது, பிறகு சுவர். எழுத்துகள் கறுப்பாக வரவில்லை. சாம்பலாக, சரிந்து, இழுபட்டு விழுந்தன. ‘கெம்பா’ மட்டும் தெளிவாக, நாலைந்து பெல்ஜியப் பெயர்களை ஒரே நேரத்தில் மூடிக்கொண்டு நின்றது. நாகர்கோவில் பையன் கைபேசியை எடுத்தான். படம் எடுக்கப் போய்த் தானே வெயிலுக்குக் குறுக்கே நின்றுவிட்டான். அவன் தலையின் நிழல் சுவரில், பெயர் காணோம். “தள்ளுடா!” என்று மூன்று பேர் கத்தினார்கள். அவன் தள்ளுவதற்குள் வெயில் போய்விட்டது.

மூடுகிற நேரம் என்று காவலர் வந்து சொல்லும்வரை நின்றோம். மறுபடி வரவில்லை. மதுரைப் பெண் மட்டும் நோட்டில் அந்தச் சரிவை வரைந்து வைத்திருந்தாள், எழுத்து இல்லாமல், சாய்வுக் கோடுகளாக.

(அடுத்த வாரம்: பிரஸ்ஸல்ஸின் மத்தோங்கே பகுதியில், காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பாவின் பெயரைத் தாங்கிய ஒரு சின்னச் சதுக்கம்)