வாடகை மின்ஸ்கூட்டரும் நகரத்து நடைபாதையும்

ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கையின் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் இரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகள் வரை ஏற்றிச்செல்லும் வகையில் அமைக்கப்படுகிறது. நீரிணையைக் கடக்க ஏறத்தாழ ஐந்து நிமிடமே ஆகும். அவ்வாறு வந்திறங்கும் ஒருவர், ஜாலான் உங்கு புவானிலுள்ள கடைக்கோ அதற்கப்பால் உள்ள அலுவலகத்திற்கோ எவ்வாறு செல்வார்? பேருந்துக்குக் காத்திருக்க மனமிராது. வெயிலில் நடக்கவும் தயங்குவார். இச்சிறு தொலைவுக்கு ஏற்றவை என்று உலக நகரங்கள் பல வாடகை மின்ஸ்கூட்டர்களை ஏற்றன. அவற்றுள் சில பின்னர் அவற்றை விலக்கவும் செய்தன. ஏன் என்பதை அறிவது நமக்குப் பயன்தரும்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஸ்கூட்டர் என்றதும் நம்மில் மூத்தோர்க்கு வெஸ்பாவும் லம்பிரெட்டாவும் நினைவுக்கு வரக்கூடும். இங்கு நாம் குறிப்பதோ, நின்றவாறே ஓட்டப்படும், இரு சிறு சக்கரங்களையும் நெடிய கைப்பிடியையும் கொண்ட மின்கல வண்டி. சிங்கைத் தமிழ் ஏடு இவ்வகையைத் 'தனிநபர் நடமாட்டச் சாதனம்' என்று எழுதியது. பொருத்தமான சொல்தான்; ஆயினும் வாயில் எளிதில் நுழைவது மின்ஸ்கூட்டரே.

இவ்வாடகை முறை 2017ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் பரவலாகத் தொடங்கியது. கைத்தொலைபேசிச் செயலியால் வண்டியிலுள்ள குறியீட்டை வருடினால் பூட்டுத் திறக்கும். ஓடும் நிமிடங்களுக்கேற்பக் கட்டணம் ஏறும். பயணியின் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவே. தெரியாத வேலைதான் பெரிது. காலையில் வண்டிகளெல்லாம் நிலையத்தை நோக்கிப் போய் அங்கேயே குவியும். அவற்றை வேனில் ஏற்றி, வேண்டிய இடங்களில் மீண்டும் பரப்ப வேண்டும். மின்கலங்களை மாற்ற வேண்டும். தளர்ந்த திருகாணிகளை முறுக்க வேண்டும். தொடக்கக்கால வண்டிகள் விரைவில் பழுதாயின. அமெரிக்காவின் லூயிவில் நகரம் வெளியிட்ட தரவுகளைக் கொண்டு கணித்தோர், அங்கு ஒரு வண்டியின் சராசரி ஆயுள் ஒரு மாதத்தைக்கூட எட்டவில்லை என்று கண்டனர். வண்டி விலையை மீட்குமுன்னே வண்டி போய்விட்டால் வணிகம் எவ்வாறு நிற்கும்? பின்னர் உறுதியான சட்டமும் கழற்றி மாட்டும் மின்கலமும் வந்தன.

ஆயினும் பொறியியலைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. அது வண்டியை நிறுத்தும் இடம்.

வண்டியின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழி நிறுவனம் அறிகிறது. குறித்த எல்லையைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கவும், தடைசெய்த இடத்தில் பயணத்தை முடிக்கவிடாமல் தடுக்கவும் அதனால் இயலும். ஆனால் உயர்ந்த கட்டடங்களுக்கிடையே இக்கணிப்பு சில மீட்டர் பிழைபடும். நம் பழைய கடைவீடுகளின் முன்புள்ள அஞ்சடியோ பெயருக்கேற்ப ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர் அகலமே. வண்டி சாலையோரத்தில் நிற்கிறதா, அஞ்சடியின் குறுக்கே கிடக்கிறதா என்பதை அத்தகைய கணிப்பால் உறுதியாகக் கூற இயலாது. வெண்கோல் ஊன்றி வரும் பார்வையற்றவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்த வேறுபாடே எல்லாம்.

சிங்கை இதனை வாடகை மிதிவண்டிகளின்வழிக் கற்றது. நிறுத்துமிடம் இன்றியே வந்த மிதிவண்டிகள் புல்வெளிகளிலும் கால்வாய்களிலும் கிடந்தன. 2018 ஜூனில் ஓபைக் நிறுவனம் அங்கு மூடப்பட்டபோது, பயனர்களின் வைப்புத்தொகை 60 இலட்சம் வெள்ளிக்கு மேல் முடங்கியது. 2019 முதல், நிறுத்துமிடத்தில் பதிக்கப்பட்ட குறியீட்டை வருடினால்தான் பயணம் முறையாக முடியும். தவறினால் 5 வெள்ளி கூடுதல் கட்டணம். செயற்கைக்கோளால் இயலாததைத் தரையில் ஒட்டிய ஒரு தகடு செய்தது என்பது எமக்கு வியப்பாகவே இருக்கிறது.

மின்ஸ்கூட்டருக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. சாலையில் அதற்கு முன்பே அனுமதியில்லை. 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையிலும் தடை வந்தது. ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர் நடைபாதை மூடப்பட, 440 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதையே எஞ்சியது. உணவு விநியோகம் செய்து வாழ்ந்த இளைஞர் பலர் அதிர்ந்தனர்; வண்டியை மாற்றிக்கொள்ள அவர்களுக்கென 70 இலட்சம் வெள்ளி ஒதுக்கப்பட்டது. வாடகை மின்ஸ்கூட்டருக்கோ உரிமம் வழங்கப்படவில்லை.

பாரிசில் மூன்று நிறுவனங்களின் 15,000 வண்டிகள் ஓடின. வேக வரம்பும் குறித்த நிறுத்துமிடங்களும் அங்கு இருந்தன. எனினும் 2023 ஏப்ரல் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் 89 விழுக்காட்டினர் வேண்டாவென்றனர். வாக்களிக்க வந்தோர் எட்டு விழுக்காட்டிற்கும் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒழுங்கு வந்தபோது மக்களின் பொறுமை தீர்ந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

நம் நாட்டில், 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட விதிகள் 2021 டிசம்பர் 17 முதல் மின்ஸ்கூட்டர் உள்ளிட்ட சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்டத் தடைவிதித்துள்ளன. 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சு இதை விளக்கியபோதுதான் பலர் அறிந்தனர். சாலை இல்லையெனின் எஞ்சுவது தனிப்பாதை. அகலமான சாலையோரமும் புதிய மனைகளும் கொண்ட இஸ்கந்தர் புத்திரியில் அதை வகுப்பது எளிது. ஜோகூர் பாருவின் பழைய நகர்ப்பகுதியில் அரிது.

ஆதலின் புக்கிட் சாகாரைச் சுற்றி இத்தகைய திட்டம் எண்ணப்படுமாயின், வண்டிகளின் எண்ணிக்கையைப் பேசுமுன் பாதையையும் நிறுத்துமிடத்தையும் தரையில் வரைந்துவிட வேண்டும் என்பது எம் கருத்து. சில இடங்களுக்கிடையே மட்டும் ஓடினால் போதும். விழுந்த வண்டியை எத்தனை மணி நேரத்தில் அகற்றவேண்டும், அகற்றாவிடின் யார் அகற்றிச் செலவை யாரிடம் பெறுவது என்பன ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் முறையீட்டு எண் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் அச்சிடப்படவேண்டும். பூக்கடை வாசலில் குறுக்கே கிடக்கும் வண்டியைக் காணும் மூதாட்டியிடம் அந்தச் செயலி இராது.